கொட்டாங்குச்சி நிறையச் சும்மா

இலுப்பை மரத்துப் பொந்தில் வரிச்சி அணில் மாட்டிக்கொண்டது.

தலை உள்ளே போய்விட்டது. முன்னங்கால் இரண்டும் உள்ளே போய்விட்டன. வயிறு மட்டும் வாசலில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றது. வாலும் பின்னங்கால்களும் வெளியே காற்றை உதைத்துக்கொண்டிருந்தன.

உள்ளே அதன் மூன்று குட்டிகள். மூத்தது மொச்சை, நடுவுலது கடுகு, கடைசி எள்ளு. பொந்துக்குள் திடீரென்று இருட்டியதும் மூன்றும் அண்ணாந்து பார்த்தன. வாசல் இருந்த இடத்தில் அம்மா முகம் இருந்தது.

"ஏம்மா வாசல்லயே நிக்கிற? உள்ள வா," என்றது எள்ளு.

"வந்துட்டேதான் இருக்கேன்."

"வரலையே."

வரிச்சிக்குத் திக்கென்றது. அது பிறந்த பொந்து அது. ஒரு நாளைக்கு நூறு தடவை போய்வருகிற வாசல். கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தாலும் சொய்யென்று உள்ளே போய் விழும். இன்றைக்கு என்ன வந்தது?

அந்த நேரம் பார்த்துக் கீழே சருகு சரசரத்தது. மேல்கிளையில் குடியிருந்த மைனா தொண்டை கிழியக் கத்தியது.

"ஏ வரிச்சி, பூனை! காட்டுப்பூனை ஏறுது!"

வரிச்சி முன்னால் தள்ளியது. முடியவில்லை. பின்னால் இழுத்தது. அதுவும் முடியவில்லை. மரப்பட்டையில் நகம் கீறும் சத்தம் ஒவ்வொரு அடியாக மேலே வந்தது. மொச்சை ஒரு கையைப் பிடித்தது, கடுகு மறு கையைப் பிடித்தது. எள்ளு அம்மாவின் மீசையைப் பிடித்து இழுத்தது.

"மூச்சை விடும்மா. இருக்கிற மூச்சையெல்லாம் விட்டுடு," என்றது மொச்சை.

வரிச்சி மூச்சை விட்டது. வயிறு ஒரு நூல் உள்வாங்கியது. பூனையின் கை வாலைத் தொட்ட அதே கணத்தில் அணில் தொப்பென்று குட்டிகள் மேல் விழுந்தது. வாலில் பாதி மயிர் பூனையின் நகத்தில் இருந்தது.

பூனை கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்தது. பொந்து ஆழம், எட்டவில்லை. ஆனால் பூனைக்குக் கோபம் வரவில்லை. வாசலை ஒரு தடவை பார்த்தது. நகத்து மயிரை ஒரு தடவை பார்த்தது. ஏதோ புரிந்துவிட்டதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு நிதானமாக இறங்கிப் போனது.

மறுநாள் காலை வரிச்சி மைனாவிடம் முறையிட்டது.

"பொந்து சுருங்கிப்போச்சு மதினி. கோடை மழை பெஞ்சதுல மரம் ஊதிடுச்சு போல."

"அதே மரத்துலதானே நானும் இருக்கேன்? என் பொந்து ஊதலையே."

"அப்போ என்னைக் குண்டுங்கிறீங்களா?"

மைனா இறக்கையைக் கோதிக்கொண்டே சொன்னது. "நான் எங்கடி சொன்னேன்? மரம் சொல்லுது."

"போன வாரந்தான் முயலக்கா பார்த்துட்டு, 'என்ன வரிச்சி, இப்படி இளைச்சுப் போயிட்ட'ன்னு கண் கலங்கினாங்க."

அதுதான் அந்தக் காட்டு வழக்கம். யார் யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை "என்ன, இளைச்சுப் போயிட்டியே" என்பதுதான். அது பாசம். அப்படிக் கேட்காவிட்டால், பார்த்தும் கேட்காமல் போய்விட்டாளே என்று ஒரு மாசம் பேச்சு வரும். யானையைப் பார்த்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். யானையும், "ஆமா, சரியாச் சாப்பாடு எறங்கல" என்று சொல்லிவிட்டுப் போகும். எல்லாரும் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். வரிச்சி ஒன்றுதான் நம்பிவிட்டது.

"நான் சாப்பிடுறதே ரெண்டு வேளை மதினி. காலையில ஒரு கை, சாயங்காலம் ஒரு கை. அதுக்கு மேல இந்த வாய் எதையும் தொடாது."

சொல்லும்போதே அதன் கன்னத்துக்குள் ஏதோ ஒதுங்கியிருந்தது. மைனா அதைப் பார்த்தது. "அது என்னடி?"

"இதுவா? கடுகு கடிச்சிட்டு வச்ச இலுப்பைப்பூ. சும்மா வாயில போட்டேன்."

அன்றைக்கே வரிச்சி சபதம் எடுத்தது. ஏழு நாள் பட்டினி. வெறும் தண்ணீர். குட்டிகளுக்காகக்கூட எதையும் தொடாது. இரை தேடும் வேலையை மொச்சை பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் நாள் பெருமையாகப் போனது. இரண்டாம் நாள் குட்டிகள் பேசினாலே எரிந்து விழுந்தது. நான்காம் நாள் கிளை இரண்டிரண்டாகத் தெரிந்தது. இல்லாத கிளையில் கால் வைத்துக் கீழே விழப்போய், மைனா கத்திய கத்தலில் பின்னங்காலால் ஒரு கொடியைப் பிடித்துத் தொங்கியது. ஏழாம் நாள் வாசலுக்குப் போய் நின்றது. சொய்யென்று உள்ளே போனது. குட்டிகள் குதித்தன. காடே மெச்சியது.

எட்டாம் நாள் வரிச்சி சொன்னது. "ஏழு நாள் காய்ஞ்சு கெடந்தவ. ஒரு நாள் நல்லாச் சாப்பிட்டா என்ன?"

ஒரு நாள் இரண்டு நாளானது. இரண்டு நாள் பத்து நாளானது. அதற்குள் ஆனி மாசம் பிறந்து நாவல் மரமெல்லாம் கறுத்துத் தொங்கியது.

இதற்கிடையில் இன்னொரு அதிசயமும் நடந்தது. காட்டுப்பூனை திருந்திவிட்டது. தினமும் காலையில் ஒரு கொத்து நாவல் பழத்தைக் கவ்விவந்து இலுப்பை மரத்தடியில் வைக்கும். வைத்துவிட்டு முப்பது அடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"இளைச்சுட்டியே தாயி," என்று தழுதழுக்கும். "மூணு பிள்ளையை வளர்க்கிற உடம்பு. அன்னைக்கு ஒன்னைப் பயமுறுத்தினது என் மனசை அறுக்குது. எடுத்துக்கோ. வெலை ஒண்ணும் வேண்டாம். சும்மாதான்."

"அண்ணன் மனசு தங்கம்," என்றது வரிச்சி.

"பூனைக்கு எதுக்குடி நாவப்பழம்? அது வச்சிட்டுப் போறது எனக்குச் சரியாப் படல," என்றது மைனா.

"நல்லவங்களையே நம்ப மாட்டீங்களா மதினி?"

ஒரு நாள் காலையில் வாசலைத் தாண்டும்போது வரிச்சியின் இரண்டு விலாவிலும் பட்டை உரசியது. மறுநாள் உரசிய இடத்தில் தோல் எரிந்தது. வரிச்சி வெலவெலத்துப் போனது. ஏழு நாள் பட்டினி எங்கே போனது? தின்பது அதே இரண்டு வேளைதானே? காற்றைக் குடித்தா உடம்பு வளர்கிறது?

அதற்கு விடை ஒரு கட்டெறும்பு வாயிலிருந்து வந்தது.

காலையில் எள்ளு பாதி தின்றுவிட்டுப் போட்ட அத்திப்பழம் கிளையில் கிடந்தது. வீணாய்ப் போகிறதே என்று வரிச்சி எடுத்து வாயில் போட்டது. உள்ளே இருந்த கட்டெறும்பு சுரீரென்று உதட்டைக் கவ்வியது. ஐயோ அம்மா என்று துப்பிவிட்டுப் பார்த்தால், உதடு நாவல் பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. மெல்ல முடியவில்லை. பேசவும் முடியவில்லை.

கிளைக் கவட்டையில் ஒரு கொட்டாங்குச்சி இருந்தது. எப்போதோ ஒரு குரங்கு கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்துபோனது. வரிச்சி அந்தப் பாதிப் பழத்தை அதில் போட்டது. வீக்கம் வற்றட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தூக்கிப் போட மட்டும் மனசு வராது அதற்கு.

அன்று முழுவதும் அப்படித்தான். வாய்க்குப் போக வேண்டியது எல்லாம் கொட்டாங்குச்சிக்குப் போனது.

பொழுது சாயும் நேரம் வரிச்சி தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பியது. அப்படியே நின்றுவிட்டது.

கொட்டாங்குச்சி நிறைந்து, அதற்கு மேல் கோபுரம்போல் குவிந்து, உச்சியிலிருந்து ஒரு அத்திப்பழம் உருண்டு கீழே விழுந்துகொண்டிருந்தது.

"யாரு இது?" என்றது வரிச்சி, வீங்கின உதட்டோடு. "யாரு கொண்டாந்து வச்சா?"

"நீதாம்மா," என்றது எள்ளு.

"நானா?"

"ஆமா. அது நான் மிச்சம் வச்சது. அது அக்கா மிச்சம் வச்சது. அந்தப் பழமெல்லாம், பழுத்திருக்கான்னு பார்க்க நீ எங்களுக்குக் குடுக்குமுன்னே ஒவ்வொண்ணா ஒரு கடி கடிப்பியே, அது. கடுகண்ணன் கீழ விழுந்தப்போ பதறிப்போய் ஒரு கொட்டை எடுத்த. அவன் எந்திரிச்சதும் நிம்மதியா ஒரு கொட்டை எடுத்த. இது மைனா அத்தை 'ஒரு வாய் எடுத்துக்கோ'ன்னு தந்தது. கீழ இருக்கிறதெல்லாம் பூனை மாமா பழம்."

"இத்தனையும் இன்னைக்கு ஒரு நாள்லயா?"

"தினமும் இப்படித்தானேம்மா. மத்த நாள் கொட்டாங்குச்சிக்குப் போகாது, ஒன் வாய்க்குப் போகும். அவ்வளவுதான்."

பக்கத்தில் வரிச்சியின் சாயங்காலச் சாப்பாடு இருந்தது. ஒரு கைப்பிடி விதை. பார்க்கவே பாவமாக இருந்தது. அதைச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டிருந்தது இத்தனை நாளும். அதைப்போல் நாலு மடங்கு இங்கே குவிந்து கிடக்கிறது. இதற்கு மட்டும் பெயர் சும்மா.

பாதி வீக்கத்தாலும் பாதி அதிர்ச்சியாலும் வாயடைத்துப் போய் அது கிளையில் ஒண்டி உட்கார்ந்தது. நாள் முழுக்கக் கீச்கீச்சென்று கத்துகிற அணில் சத்தமில்லாமல் இருந்ததால், மரத்தில் யாருமில்லை என்றுதான் கீழே வந்தவர்கள் நினைத்தார்கள். வந்தது காட்டுப்பூனை. கூட ஒரு நரி.

"ஏன்டா, தினமும் அணிலுக்குப் பழம் சுமக்கிறியாமே? தர்மம் பண்ணிச் சொர்க்கத்துக்குப் போகப் போறியா?" என்றது நரி.

பூனை சிரித்தது. "நான் என்ன சும்மாவா போடுறேன்? ஓட்டத்துல அவளைப் பிடிக்க என்னால ஆகாது. வாசல்ல பிடிக்கலாம். அன்னைக்கே பாதி மாட்டினா. இன்னும் கொஞ்ச நாள் பழம் போட்டா முழுசா மாட்டுவா. அவ வயித்தை வச்சே அவ வாசலை அடைக்கப் போறேன்."

"குட்டிங்க?"

"ஆத்தா வரலைன்னா பசியில தானா வெளிய வரும். நான் எதுக்கு அவசரப்படணும்?"

பூனையும் நரியும் போய் வெகுநேரம் ஆன பிறகும் வரிச்சி அசையவில்லை. சும்மா என்று பழம் வைத்தான் ஒருவன். சும்மா என்று தின்றாள் ஒருத்தி. உள்ளே மூன்று குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்குகின்றன.

விஷயத்தைக் கேட்ட மைனாவுக்கு அலகு திறந்தபடி நின்றது.

"அடி பாவி மகளே! அப்போ மறுபடியும் ஏழு நாள் பட்டினி போடு."

வரிச்சி மறுத்துத் தலையாட்டியது. "வேண்டாம் மதினி. பட்டினியில மயங்கி விழுந்தா கீழ அவன் நிக்கிறான். விழாம தப்பிச்சாலும் எட்டாம் நாள்னு ஒண்ணு வரும். எனக்கு எமன் அந்த எட்டாம் நாள்தான். தினமும் செய்ய முடியுறதைத்தான் செய்யப் போறேன்."

மறுநாளிலிருந்து வரிச்சி வீட்டில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. எதுவும் நேராக வாய்க்குப் போகாது. முதலில் கொட்டாங்குச்சிக்குப் போக வேண்டும். காலை, உச்சி, சாயங்காலம் என்று மூன்று வேளை உட்கார்ந்து, கொட்டாங்குச்சியைக் கண்ணால் பார்த்து, அதிலிருந்து ஒரு கை எடுத்து, நிதானமாக மென்று தின்னும். பசி அடங்கினதும் எழுந்துவிடும். நடந்துகொண்டு தின்பதில்லை. குட்டியைத் திட்டிக்கொண்டு தின்பதுமில்லை.

குட்டிகளுக்கு முதலில் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டது. கேட்டால் மறுபடி போடும். அதனால் மிச்சமே குறைந்துபோனது. அப்படியும் மிஞ்சினால் வரிசையாக வந்து நிற்கும் எறும்புக்குப் போட்டது. "எறும்புக்கும் வயிறு இருக்குல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். முதல் நாலைந்து நாள் அப்படிப் போடும்போது கை கூசியது. அப்புறம் பழகிவிட்டது. பழுத்திருக்கிறதா என்று பார்க்க மூக்கு போதும் என்றும் தெரிந்துகொண்டது.

பூனை வைக்கும் பழத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு மேலே போய் மைனாவின் ஐந்து குஞ்சுகளுக்குக் கொடுத்தது. குஞ்சுகள் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பின. கீழே விழும் கொட்டைகளைப் பார்த்துப் பூனை சொக்கிப்போனது.

"நல்லாச் சாப்பிடுறியா தாயி?"

"வயிறு நெறைஞ்சிருக்கு அண்ணே."

"இளைச்சுட்டியே, இன்னும் ரெண்டு கொண்டாரட்டுமா?"

"ஒங்க இஷ்டம் அண்ணே."

உடம்பு ஒரே நாளில் ஏறியதில்லை, ஒரே நாளில் இறங்கவுமில்லை. அமாவாசை வரைக்கும் இரண்டு விலாவிலும் பட்டை உரசியது. பௌர்ணமி வந்தபோது ஒரு பக்கம் மட்டும் உரசியது. ஆடிக் காற்று மரத்தைப் பிடித்து ஆட்டத் தொடங்கியபோது எந்தப் பக்கமும் உரசவில்லை.

நடுவில் ஒரு சறுக்கலும் உண்டு. மைனாவின் குஞ்சுகள் முதன்முதலாகப் பறந்த நாளில் பெரிய விருந்து. வரிச்சி வயிறு முட்டத் தின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தது.

"போச்சு. எல்லாம் போச்சு. நாளைக்கு ஒண்ணும் தின்னக் கூடாது."

"ஏம்மா? நாளைக்குக் கொட்டாங்குச்சி இல்லையா?" என்று கேட்டது எள்ளு.

வரிச்சி யோசித்தது. மறுநாள் பட்டினி கிடக்கவில்லை. எப்போதும்போல் உட்கார்ந்து, பார்த்து, ஒரு கை தின்றது. நான்காம் நாள் விருந்து வந்த சுவடே தெரியவில்லை.

அந்த வாரம்தான் பூனை நாள் குறித்தது.

வரிச்சி குட்டிகளுக்காகக் கீழே விழுந்த அத்திப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தது. வாயில் ஒரு பழத்தைக் கவ்வித் திரும்பியபோது, மரத்துக்கும் தனக்கும் நடுவில் புல் அசைவதைப் பார்த்தது. இரண்டு மஞ்சள் கண்கள்.

வரிச்சி வளைந்து ஓடி மரத்தில் ஏறியது. பூனை பின்னாலேயே ஏறியது. ஆனால் பாயவில்லை. ஒவ்வொரு அடியாக, கல்யாண வீட்டுக்குப் போகிறவன்போல ஏறியது.

"மெதுவாப் போ தாயி, மூச்சு வாங்கப் போகுது. வாசல்லயே நில்லு, நான் வந்துடறேன்."

மேல்கிளையில் மைனா கண்ணை மூடிக்கொண்டது. பொந்துக்குள் மூன்று குட்டிகளும் கையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றன. வாயில் பழத்தோடு இந்த ஓட்டத்தில் வரிச்சி உள்ளே போய்விடுமா? கொட்டாங்குச்சி காப்பாற்றுமா, இல்லை அதுவும் சும்மாதானா?

வரிச்சி பாய்ந்தது.

சொய்யென்று உள்ளே போய் விழுந்தது. தலை, கை, வயிறு, வால் எல்லாம் உள்ளே. வாயில் கவ்விய அத்திப்பழம்கூட நசுங்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்ற குட்டிகள் பிடிக்க ஆளில்லாமல் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

வாலைப் பிடிக்க ஆசையாகக் கை வைத்த பூனை வெறும் மரப்பட்டையைப் பிடித்தது. வாசலுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தது. அதன் மீசை துடித்தது. ஆனி, ஆடி இரண்டு மாசம் வாய் வலிக்க நாவல் பழம் சுமந்திருக்கிறது அது.

"அடிப் பாவி," என்றது பூனை, குரல் கம்ம. "இளைச்சுட்டியே."

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"ஆமா அண்ணே. இன்னைக்குத்தான் நீங்க வாய் தவறி உண்மையைச் சொல்லியிருக்கீங்க."

பூனை அதற்குப் பிறகு அந்த மரத்தடிக்கு வரவேயில்லை. வரிச்சி அந்த அத்திப்பழத்தை மூன்றாகப் பிய்த்துக் குட்டிகளுக்குக் கொடுத்தது. எள்ளு பாதி தின்றுவிட்டு மிச்சத்தை நீட்டியது. வரிச்சியின் கை தானாக வாயை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. வாசலில் எறும்புகள் வரிசையாகக் காத்திருந்தன.

பட்டினி கிடந்து குறைத்த உடம்பு எட்டாம் நாள் திரும்பிவிடும், அன்றாடம் அளவறிந்து உண்பவர் உடம்பே நிலைத்து நிற்கும். ஏனென்றால் நாக்குக்குத் தெரிந்த "சும்மா" என்ற சொல் வயிற்றுக்குத் தெரியாது.